தொப்பூர் ஏற்றத்தில் ஆயில் மீட்டர் 130 காட்டுகிறது: ஓட்டலாமா, நிறுத்தவா?

பத்துச்சக்கரம், சங்ககிரி (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். பத்துச் சக்கர லாரி, ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின், 24 வோல்ட், 4,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சங்ககிரியிலிருந்து பெங்களூருக்கு சிமெண்ட் லோடு, வாரத்துக்கு மூன்று நடை. ஓனரும் நான்தான், டிரைவரும் நான்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் வாங்கி மாட்டினேன். முன்பு வைத்திருந்த வண்டியில் பேரிங் பிடித்து கிராங்கே போய்விட்டது. அந்தக் கடனை அடைக்க மூன்று வருடம் ஆனது. அன்றைக்கும் தண்ணீர் முள் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் இந்த வண்டியில் ஆயிலுக்கென்று ஒரு முள் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இப்போது பிரச்சினை. சேலம் தாண்டும் வரை சமதளத்தில் 115 டிகிரி காட்டுகிறது. தொப்பூர் கணவாய் ஏற ஆரம்பித்ததும் முள் மெல்ல நகர்ந்து, உச்சிக்குப் போவதற்குள் 130-க்கு வந்துவிடுகிறது. நேற்று ஏற்றம் முடிந்ததும் ஓரங்கட்டி, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓட) விட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 105-க்குக் கீழே இறங்கவே இல்லை. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு சரி. புகை இல்லை, சத்தம் இல்லை. தண்ணீர் முள் நடுவில். ஆயில் 15டபிள்யூ-40, மாற்றி 9,000 கி.மீ. ஆகிறது.

நாளை மறுநாள் லோடு ஏற்ற வேண்டும். போகலாமா?

சாலையோரம், திருச்செங்கோடு (திங்கள், இரவு 10.15)

தம்பி, 22 வருடமாக ஓட்டுகிறேன். எந்த வண்டியிலும் ஆயில் சூட்டுக்குத் தனி முள் வைத்ததில்லை. கம்பெனிக்காரன் வைக்காததை நாம் வெளியில் வாங்கி மாட்டினால் இப்படித்தான் தூக்கம் போகும். தண்ணீர் நடுவில் நிற்கிறது, பிரஷர் லைட் எரியவில்லை, இழுவை குறையவில்லை. மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு லோடுக்குப் போங்கள்.

பட்டறைக்காரர், நாமக்கல் (திங்கள், இரவு 11.05)

சாலையோரம் அண்ணன் அனுபவத்தில் சொல்கிறார், ஆனாலும் கழற்ற வேண்டாம். தண்ணீர் சூட்டை தெர்மோஸ்டாட் பிடித்து வைத்திருக்கிறது. ரேடியேட்டருக்கு சக்தி இருக்கும் வரை தண்ணீர் 85, 90-ஐ ஒட்டியே நிற்கும். ஆயிலுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. பிஸ்டனுக்கு அடியில் பீச்சி அடித்து அதன் சூட்டை வாங்குவது ஆயில். டர்போ பேரிங்கின் சூட்டை வாங்குவதும், கிராங்க் உராய்வைத் தாங்குவதும் ஆயில்தான். தண்ணீர் எட்டாத இடத்தின் சூட்டை எல்லாம் சுமந்து வருவதால்தான் ஏற்றத்தில் முதலில் ஏறுவது ஆயில், கடைசியில் அசைவது தண்ணீர் முள்.

என் கணக்கு இது. முழு லோடில் 95 முதல் 110 வரை சாதாரணம். நீளமான ஏற்றத்தில் 115 வந்தாலும் பயமில்லை. 120 தாண்டினால் காரணம் தேட வேண்டும். உண்மையிலேயே 130-இல் நின்றால் அந்த ஆயிலின் ஆயுள் பாதிக்குப் பாதி குறைகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும்.

"உண்மையிலேயே" என்று சொல்வதற்குக் காரணம், 130-ஐ நான் இன்னும் நம்பவில்லை. மூன்று கேள்வி:

சென்சாரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? சேம்பரிலா (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), ஆயில் பில்டர் மாட்டும் பில்டர் ஹெட்டிலா, டி பீஸ் போட்டு பிரஷர் ஸ்விட்ச் பக்கத்திலா?

டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் இருக்கிறதா? ஏற்றம் முடிந்து ஐடிலில் அது எங்கே நின்றது?

மாட்டிய நாளிலிருந்தே இப்படித்தானா, நடுவில் மாறியதா?

பத்துச்சக்கரம் (செவ்வாய், காலை 6.20)

நன்றி அண்ணா. சென்சார் பில்டர் ஹெட்டில் இருக்கிறது. அங்கே ஒரு பிளக் இருந்தது, அதைக் கழற்றிவிட்டு அடாப்டர் வைத்து மாட்டினார்கள். பிரஷர் முள் உண்டு. உச்சியில் ஐடிலில் எப்போதும் நிற்கும் இடத்திலேயே நின்றது, நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு யோசித்துத்தான் சொல்ல வேண்டும். முதல் மாதம் நான் இவ்வளவு கவலைப்பட்ட நினைவு இல்லை.

பட்டறைக்காரர் (செவ்வாய், காலை 7.00)

அப்படியானால் என் சந்தேகம் கூடுகிறது. பம்பிலிருந்து வரும் ஆயில் முதலில் கூலருக்குள் போய், அப்புறம் பில்டருக்கு வந்து, அதன் பின் கேலரிக்கு (இன்ஜினுக்குள் ஆயில் ஓடும் வழி) போகிறது. நீங்கள் பார்ப்பது கூலரில் ஆறி வந்த ஆயிலின் சூடு. அங்கேயே 130 என்றால் சேம்பரில் அதைவிடக் கூடுதல். அந்தச் சூட்டில் ஆயில் தண்ணீர் மாதிரி இளகி ஐடில் பிரஷர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்கிறீர்கள். இரண்டு முள்ளில் ஒன்று பொய் சொல்கிறது. எலக்ட்ரிக்கல் தெரிந்தவர்கள் யாராவது வாருங்கள்.

ஒயரிங் கடை, சேலம் (செவ்வாய், காலை 10.30)

வருகிறேன் அண்ணா. மீட்டர் வேலைதான் எனக்குப் பாதி நாள்.

இந்த சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏறத் தடை குறையும் ஒரு சின்னத் துண்டு. குளிரில் சில நூறு ஓம், கொதிசூட்டில் சில பத்து ஓம். மீட்டர் சூட்டை நேராகப் பார்ப்பதில்லை, அந்த ஓம்ஸைத்தான் பார்க்கிறது. அதனால் ஒயர் அறுந்தால் முள் அடியில் கிடக்கும். ஒயர் உரசி இன்ஜினைத் தொட்டால் முள் ஒரேயடியாக உச்சிக்கு ஓடும். பள்ளத்தில் குதிக்கும்போது மட்டும் முள் துள்ளினால் ஒயர் எங்கோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் முள் லோடுக்குத் தகுந்தபடி மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. அப்படியென்றால் சென்சார் உயிரோடு இருக்கிறது, ஒயரும் பெரும்பாலும் நல்லது. அளவுதான் தள்ளியிருக்கிறது.

இன்றைக்கு இவற்றைச் செய்து பாருங்கள். வண்டி சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்லைட், பார்க் லைட், ஹீட்டர் பிளோயர் எல்லாவற்றையும் போட்டு அணையுங்கள். முள் நகர்ந்தால் மீட்டரின் எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) சரியில்லை. லைட்டுக்கும் மீட்டருக்கும் ஒரே எர்த் ஒயரை ஒட்டி விடுகிறவர்கள் நிறைய. மீட்டர் எர்த்தைத் தனியாக ஒரு ஒயர் இழுத்து பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோய்ப் பாருங்கள்.

அப்புறம் சென்சார் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறார்களா? ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. டேப் தடித்தால் எர்த் கெடும். ஆனால் அப்படிக் கெட்டால் தடை கூடி முள் குறைவாகத்தான் காட்டும், கூடுதலாகக் காட்டாது. உங்களுக்கு நேர்மாறு. இருந்தாலும் பார்த்துவிடலாம்.

மீட்டர் 24 வோல்ட்டுக்கு உரியதுதானே? 12 வோல்ட் மீட்டரை வாங்கி, இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து கரண்ட் எடுத்து மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பத்துச்சக்கரம் (செவ்வாய், இரவு 8.50)

எல்லாம் பார்த்தேன் அண்ணா. மீட்டரின் பின்பக்கம் 24 வோல்ட் என்றுதான் அச்சாகியிருக்கிறது. லைட் போட்டாலும் அணைத்தாலும் முள் அசையவில்லை. எர்த்தைத் தனி ஒயரில் பேட்டரிக்கு விட்டும் அதே 115. சென்சார் மரையில் டேப் இல்லை, செம்பு வாஷர் போட்டிருக்கிறார்கள். சென்சார் உடம்பிலிருந்து சேஸிஸுக்கு இன்னொரு ஒயர் பிடித்தும் பார்த்தேன், மாற்றமில்லை.

சென்சாரைப் பார்த்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. முதலில் மீட்டரோடு பெட்டியில் வந்த சென்சார் இது இல்லை. ஐந்து வாரம் ஆனபோது அதன் தலையிலிருந்த ஒயர் முனை உடைந்துவிட்டது. ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காட்டினேன். அதே மரை, அதே உயரம், இதுதான் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டி மூன்று வாரம் ஆகிறது. 130 எல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் சத்தியம் செய்ய முடியாது.

ஒயரிங் கடை (செவ்வாய், இரவு 9.10)

தம்பி, காரணம் அதுவாகத்தான் இருக்கும். மரை ஒன்றாக இருப்பதால் சென்சார் ஒன்றாகிவிடாது. தண்ணீர் சூட்டுக்கான சென்சாரும் ஆயில் சூட்டுக்கான சென்சாரும் ஒரே மரையில் வருகின்றன. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் ஓம்ஸ் கணக்கு வேறு. பொதுவாகத் தண்ணீருக்கானது 120 டிகிரி வரை, ஆயிலுக்கானது 150 டிகிரி வரை. உடம்பில் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள், ஆயிலும் தூசியும் ஏறினால் தெரியாது.

நாளை சென்சாரைக் கழற்றி (இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கைக்கு ஆபத்து வேண்டாம்) கொதிக்கும் தண்ணீரில் போட்டு மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். நுனி மட்டும் மூழ்கினால் போதும், பாத்திரத்தின் அடியில் இடிக்கக் கூடாது. அடி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். பழைய சென்சார் கிடைத்தால் அதையும் போடுங்கள், ஒயர் முனைதான் உடைந்தது, உள்ளே நன்றாகவே இருக்கும். அதே நேரத்தில் மீட்டர் ஒயரையும் நீட்டிக் கொண்டுவந்து முள் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சென்சார் உடம்புக்கு எர்த் கொடுக்க மறக்காதீர்கள்.

மலைப்பாதை, உதகை (செவ்வாய், இரவு 10.00)

ஒரு சின்ன எச்சரிக்கை. நான் இதே சோதனையை இங்கே வீட்டில் செய்து, மீட்டர் 92 காட்டுகிறதே, 8 டிகிரி குறைவு என்று ஒரு நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்தேன். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சங்ககிரியில் இருப்பவருக்கு 99-க்கு மேல் வந்துவிடும், கவலையில்லை. ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் உள்ளவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துச்சக்கரம் (புதன், மதியம் 1.30)

செய்துவிட்டேன். எழுதும்போது கை நடுங்குகிறது, சந்தோஷத்தில்தான்.

பழைய சென்சார் கேபினில் டூல்ஸ் பெட்டிக்கு அடியில், கிழிந்த துணிக்குள் கிடந்தது. அம்மாவிடம் கேட்டு ஒரு பழைய பால் குண்டான் வாங்கி, வண்டிக்குப் பக்கத்திலேயே சின்ன கேஸ் அடுப்பு வைத்துத் தண்ணீரைக் கொதிக்க விட்டேன். மேலே ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, இரண்டு சென்சாரையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன், நுனி மூழ்க, அடியைத் தொடாமல். தம்பி கேபினில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்ல, நான் கீழே மல்டிமீட்டர்.

பழையது: 62 ஓம். அதை மீட்டருக்குக் கொடுத்தபோது தம்பி "நூறு" என்றான்.

புதியது: 38 ஓம். கொடுத்தபோது "நூத்திப் பதினெட்டு" என்றான்.

ஒரே தண்ணீர், ஒரே கொதி. இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன், அதேதான். புதியதை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்தபோது உடம்பில் 120 என்று பொறித்திருப்பது தெரிந்தது. பழையதில் 150.

ஒயரிங் கடை (புதன், மதியம் 2.05)

முடிந்தது கதை. உங்கள் மீட்டர் 150 கணக்கில் அளவு போட்டது. 38 ஓம் வந்தால் அதற்கு 118 டிகிரி என்றுதான் தெரியும். 130 காட்டிய நேரத்தில் உண்மையான சூடு 110-ஐ ஒட்டி இருந்திருக்கும். ஐடிலில் இறங்கவே இல்லை என்றீர்களே, அந்த 105-உம் உண்மையில் 90-க்குள்தான். மீட்டர் முள் 50-இல்தான் தொடங்குவதால் காலையில் வண்டி எடுக்கும்போது இரண்டு சென்சாரிலும் முள் அடியிலேயே கிடக்கும், வித்தியாசமே தெரியாது.

சரியான சென்சார் வாங்கும் வரை பழையதன் ஒயர் முனையில் வேறு முனை வைத்துப் பற்றவைத்துத் தருகிறேன், கொண்டு வாருங்கள். மற்றவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். சென்சாரைத் தொடாமலே மீட்டரை மட்டும் சோதிக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 68 ஓம், 33 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர், ஒரு வாட் அளவில் கேளுங்கள், சில ரூபாய்தான். சென்சார் ஒயரைக் கழற்றி, அந்த முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் ரெசிஸ்டரை வையுங்கள். இவருடைய மாதிரி மீட்டரில் 68-க்கு முள் 100-க்குச் சற்றுக் கீழே, 33-க்கு 120-க்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நின்றால் மீட்டர் நல்லது, தேட வேண்டியது சென்சாரையும் இன்ஜினையும். மற்ற மாதிரிகளுக்கு ஓம்ஸ் கணக்கு மாறும், பெட்டியோடு வந்த தாளைப் பாருங்கள்.

குவாரி டிப்பர், கரூர் (புதன், மாலை 6.45)

இதைப் படித்துவிட்டு எனக்கும் நம்பிக்கை வந்தது. எம்-சாண்ட் டிப்பர், மீட்டர் மாட்டி ஒரு வருடம். சென்சார் சேம்பரில். 100, 105 காட்டிக்கொண்டிருந்தது ஒரு மாதமாகக் குவாரி ஏற்றத்தில் 124. எனக்கும் சென்சார் கோளாறாக இருக்கும் என்று நினைத்து இன்று கொதிநீர் வைத்தேன். 61 ஓம், முள் சரியாக நூறு. ரெசிஸ்டர் போட்டும் சரி. தொடாமலே சூடு பார்க்கும் லேசர் கன்னில் சேம்பரை அடித்தால் 98தான் காட்டுகிறது. எதை நம்புவது?

பட்டறைக்காரர் (புதன், இரவு 7.30)

முள்ளை நம்புங்கள். அந்த கன் சேம்பரின் வெளித்தோலைத்தான் பார்க்கிறது. காற்று அடிக்கும் தகடு உள்ளே இருக்கும் ஆயிலைவிடக் குளிர்ந்திருக்கும். சேம்பர் பளபளக்கும் அலுமினியமாக இருந்தால் கன் இன்னும் குறைத்துக் காட்டும். கறுப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, காய்ந்த பிறகு அந்தப் பொட்டில் அடித்துப் பாருங்கள், எண் ஏறும்.

சங்ககிரித் தம்பிக்கு முள் பொய் சொன்னது, உங்களுக்கு உண்மை சொல்கிறது. அந்த 124 வரும்போது தண்ணீர் சூடு எவ்வளவு? ஆயில் அளவு கூடுதலாக இருக்கிறதா? அளவு மீறி ஊற்றினால் கிராங்க் அதில் அடித்து நுரைத்தும் சூடேறும், பலர் ஆயில் குறைவது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். ரேடியேட்டருக்கு என்ன ஊற்றுகிறீர்கள்?

குவாரி டிப்பர் (புதன், இரவு 8.15)

தண்ணீர் 86. சமதளத்தில் நிறுத்திப் பார்த்தேன், ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில். ரேடியேட்டருக்கு கூலண்ட் இல்லை, குவாரி போர் தண்ணீர்தான்.

பட்டறைக்காரர் (புதன், இரவு 8.40)

தண்ணீருக்கும் ஆயிலுக்கும் 38 டிகிரி இடைவெளி. வழக்கமாக 10, 20 இருக்கும். தண்ணீர் சூடாகவில்லை, ஆயில் மட்டும் ஆறவில்லை. நடுவில் இருப்பது ஆயில் கூலர். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பைச் சொல்ல வேண்டியதில்லை, கெட்டிலுக்குள் படிகிற அதே வெள்ளைப் படிவு கூலர் தட்டிலும் படியும். சூட்டை அந்தப் பக்கம் கடக்க விடாது. கூலரைக் கழற்றிப் பாருங்கள், தள்ளிப் போட வேண்டாம்.

பத்துச்சக்கரம் (சனி, இரவு 11.20)

பெங்களூர் போய் வந்துவிட்டேன். சேலம் வரை 97. தொப்பூர் உச்சியில் 111, இறக்கத்தில் பத்து நிமிடத்தில் 100-க்குக் கீழே வந்தது. ஒயரிங் கடை அண்ணன் முனை வைத்துக் கொடுத்த அதே பழைய சென்சார். மீட்டருக்குப் பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டி "150 சென்சார், கொதிநீரில் 62 ஓம்" என்று மார்க்கரில் எழுதிவிட்டேன். நாளை இந்த வண்டி வேறு ஒருவர் கைக்குப் போனாலும் அவருக்குத் தெரிய வேண்டும்.

சாலையோரம் (ஞாயிறு, காலை 7.10)

தம்பி, நல்லபடியாகப் போய் வந்தது சந்தோஷம். டிப்பர்காரர் விஷயத்தைப் படித்த பிறகு நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். என் வண்டியிலும் மாட்டலாம் என்றிருக்கிறேன். சேம்பர் டிரெயின் பிளக்கில் (ஆயிலை வடிக்கும் அடி மூடி) வைப்பது சுலபம் என்கிறார்களே, வைக்கலாமா?

பட்டறைக்காரர் (ஞாயிறு, காலை 8.00)

டிரெயின் பிளக் வேண்டாம் அண்ணே. கல் அடித்து உடைந்தால் ஆயில் முழுதும் ரோட்டில் போய்விடும். பில்டர் ஹெட்டில் பிளக் இருந்தால் அங்கே வையுங்கள். நீளமான அடாப்டர், டி பீஸ் போட்டு ஓட்டமில்லாத மூலையில் சென்சாரை வைத்துவிடாதீர்கள். அங்கே தேங்கிய ஆயில் ஆறிப்போய்க் கிடக்கும், முள் குறைவாகக் காட்டும். கூடுதலாகக் காட்டும் முள்ளைவிட அது மோசம். சென்சார் நுனி ஓடும் ஆயிலில் நனைய வேண்டும்.

குவாரி டிப்பர் (அடுத்த வியாழன், இரவு 9.00)

கூலரைக் கழற்றினோம். தட்டுகளின் தண்ணீர்ப் பக்கம் சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது, சில இடத்தில் வழியே அடைந்துவிட்டது. பட்டறையில் மருந்து போட்டு ஊறவைத்து, பிரஷர் டெஸ்ட் செய்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டினார்கள். பிளாக்கையும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, இப்போது கூலண்ட் ஊற்றியிருக்கிறேன்.

பட்டறைக்காரர் (அடுத்த வியாழன், இரவு 9.25)

நல்ல வேலை. ஒரு வாரத்துக்கு தினமும் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் அங்கேதான் முதலில் தெரியும்.

குவாரி டிப்பர் (அதற்கடுத்த வெள்ளி, இரவு 8.10)

எட்டு நாள் பார்த்தேன் அண்ணா. தண்ணீர் சுத்தம், ஆயில் சுத்தம். இன்றைக்கு முழு லோடில் குவாரி ஏற்றத்தில் தண்ணீர் 87, ஆயில் 104.